பக்கம் நாற்பத்தேழில் ஓர் ஏரி

எங்கள் கல்லூரியில் விடை முதலில் வரும், புரோகிராம் பிறகு வரும். வெளியாட்களுக்கு இது தலைகீழாகத் தெரியலாம். பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராக இருக்கும் எனக்கு இதுதான் நேர். மாணவர்கள் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, மெஷினில் வரவேண்டிய அவுட்புட்டை முதல் வாரமே தங்கள் நோட்டில் எழுதிவிடுவார்கள். அப்புறம்தான் மெஷினை ஓட்டிப் பார்ப்பார்கள். திரையில் வருவதும் நோட்டில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஊதா மையில் சீல் குத்துவது என் வேலை. ஒன்றாக இல்லாவிட்டால், மெஷின் ரிப்பேர் என்று எழுதிவைத்துவிட்டு அப்போதும் சீல் குத்துவேன். நோட்டு தப்பாக இருந்ததாக எங்கள் கல்லூரியில் ஒரு பதிவுகூடக் கிடையாது.

கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ்ஸில் போனால் ஒரு பெரிய வளைவும், வளைவின் உச்சியில் கைகூப்பி நிற்கும் தாளாளர் உலகநாதனின் படமும் தெரியும். உள்ளே நாலு மாடிக் கட்டிடம் ஒன்று, ஒரு வேப்பமரம், பைக் நிறுத்தத் தகரக் கொட்டகை. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிமெண்ட் குடோன். இயற்கை என்று சொன்னால் அந்த வேப்பமரம்தான். அதிலும் பாதியை மின்சாரக் கம்பியில் படுகிறது என்று வெட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில் பவ்யா என்ற கடைசி வருஷத்துப் பெண் ஒரு தப்பு செய்தாள். புராஜெக்ட்டைத் தானே செய்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் அதற்கென்று இருக்கும் கடைகளில், பைண்டிங்கோடு சேர்த்து ரெடிமேடாக வாங்கிவருகிறவர்கள். இவள் கொரட்டூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து, லேபின் கடைசி மெஷினில் உட்கார்ந்து, ஏழு மாதம் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா தங்கராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். கிண்டியில் ஒரு கம்பெனி இவளுக்கு வேலை கொடுத்திருந்தது. ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும், ஒரு பேப்பர்கூட நிலுவையில் இருக்கக் கூடாது, இருந்தால் வேலை ரத்து. அந்த வீட்டின் மொத்தக் கனவும் அந்த ஒரு கடிதத்தில்தான் இருந்தது.

அவள் செய்தது ஒரு விளையாட்டு. சுடுவது, துரத்துவது எல்லாம் அதில் கிடையாது. 'புதிய உலகம்' என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு நிலம் பிறக்கும். ஒரு தடவை மலையும் மழையும் வரும், ஒரு தடவை வெறும் மணல், ஒரு தடவை நாணல் மண்டிய சதுப்பு. அதில் நடக்கலாம், தோண்டலாம், குடிசை கட்டலாம், தோணி விடலாம். எத்தனை தடவை அழுத்தினாலும் வந்த நிலம் திரும்ப வராது. சாப்பாட்டு நேரத்தில் நானும், அவளைத் தவிர யாருக்கும் தெரியாமல், அதை ஆடினேன். பக்கத்து முத்தாபுதுப்பேட்டையிலேயே பிறந்து, திருப்பதியைத் தாண்டி எங்கேயும் போகாதவன் நான். ஒருநாள் மூடுபனிக்குள் ஓர் ஆறு வந்தது. ஒரு மணி நேரம் கரையோரமாகவே நடந்துகொண்டிருந்தேன், டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

புராஜெக்ட்டின் தலைப்பு, 'விளையாட்டு மென்பொருளில் தற்செயலாக உருவாகும் பலவகை இயற்கைச் சூழல்கள்'. ஆகஸ்ட் மாதமே துறைக் குழு ஒப்புதல் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டது. யாரும் படிக்கவில்லை என்பது மார்ச்சில்தான் தெரிந்தது.

எங்கள் வழக்கப்படி அறிக்கையை முதலில் கொடுக்க வேண்டும். கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, மூன்று பிரதி. மூன்று வாரம் கழித்துத் திரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிக் காட்டும் நாளில் துறைத் தலைவர் முனைவர் பரந்தாமன் அறிக்கையைப் பிரித்து, பக்கம் நாற்பத்தேழில் விரலை வைத்தார். அதில் மாதிரிக்கு ஒரு படம் அச்சாகியிருந்தது. இடது பக்கம் ஓர் ஏரி, பின்னால் மூன்று மலை, கரையில் பனைமரங்கள். பவ்யா பொத்தானை அழுத்தினாள். திரையில் பாலைவனம் வந்தது.

பரந்தாமன் நிதானமாகக் கேட்டார். "ஏம்மா, நாற்பத்தேழாம் பக்கத்துல ஏரி இருக்கு. ஏரி எங்க?"

"சார், இது ஒவ்வொரு தடவையும் வேற வேற இடமா வரும். புராஜெக்ட்டே அதுதான் சார்."

"அப்ப எது சரியான விடை?"

"எல்லாமே சரிதான் சார்."

இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அங்கிருந்த எல்லாருக்கும் பொதுவாக ஓர் உரை நிகழ்த்தினார். இந்தத் துறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் படித்து முடித்திருக்கிறார்கள், ஒருவர்கூட இன்னொருவரிலிருந்து வேறுபட்ட விடை எழுதியதில்லை, அதுதான் தரம் என்றார். தான் நடத்தும் பாடத்துக்கு இருபது வருடமாக ஒரே நோட்ஸ்தான், ஒரு கமா மாறியதில்லை, அதில் இருக்கும் அச்சுப்பிழைகளைக்கூட மாணவர்கள் பிசகாமல் எழுதுவதை நினைத்தால் கண் கலங்குகிறது என்றும் சொன்னார். உண்மையாகவே கலங்கியது.

நாற்பத்தேழாம் பக்கத்து ஏரி வரும்வரை பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று குழு தீர்மானித்தது. பவ்யா ஏதோ ஒரு வழி சொல்ல வாயெடுத்தாள். குழு முடிவெடுத்த பிறகு மாணவர் பேசும் வழக்கம் எங்களிடம் இல்லை.

எனக்கு ஒரு பதிவேடு கொடுத்தார்கள். வரிசை எண், மலை, ஏரி, மரம், ஒத்துப்போகிறதா என்று ஐந்து கட்டம். பவ்யா அழுத்துவாள், நான் எழுதுவேன். மூன்று நாளில் அறுநூற்றுப் பதினான்கு உலகங்கள் பிறந்தன. மேகத்துக்கு மேல் நீட்டிய பாறை, சிவப்பு மண் மேடு, பனி மூடிய காடு, யாரும் கால் வைக்காத கடற்கரை. ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும், அறுநூற்றுப் பதின்மூன்று முறை 'இல்லை' என்று எழுதினேன். முந்நூற்று எண்பத்தெட்டாவதில் ஏரியும் இரண்டு மலையும் வந்தபோது பாவமாக இருந்ததால் 'கிட்டத்தட்ட' என்று எழுதினேன். பரந்தாமன் அதை அடித்து, இந்தப் பதிவேட்டில் கிட்டத்தட்ட என்பதற்குக் கட்டம் கிடையாது என்று ஓரத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மூன்றாம் நாள் மதியம் பவ்யா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு பிறப்பு எண் உண்டாம். அந்த எண்ணைத் தட்டினால் அதே உலகம் திரும்ப வருமாம். நாற்பத்தேழாம் பக்கத்துக்கான எண் அவள் நோட்டில் இருக்கிறது, எழுபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. இதைத்தான் முதல் நாளே சொல்ல வந்தாளாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஓடிப்போய்ப் பரந்தாமனைக் கூட்டிவந்தேன்.

அவள் எண்ணைத் தட்டினாள். ஏரி வந்தது. மூன்று மலை வந்தது. பரந்தாமன் ஸ்கேலின் முனையைத் திரையில் வைத்துப் பனைமரங்களை எண்ணினார். இருபத்தொன்பது. அறிக்கையிலும் இருபத்தொன்பது. நான் சீலைக் கையில் எடுத்துவிட்டேன்.

அவர் முதல் பக்கத்தைத் திருப்பினார். "தலைப்புல தற்செயலாகன்னு போட்டிருக்கியே. எண்ணைத் தட்டி வரவைக்கிறது எப்படிம்மா தற்செயல் ஆகும்? இது தலைப்புக்கு விரோதமா இருக்கு."

தலைப்பை மாற்றித் தருகிறேன் என்று அவள் சொன்னாள். ஒப்புதல் பெற்ற தலைப்பை மாற்ற விதி இல்லை. பழையபடியே தற்செயலாக ஓட்டுகிறேன் என்றாள். அப்போது படம் ஒத்துப்போக வேண்டும். ஆகவே விளையாட்டு ஒவ்வொரு தடவையும் வேறு உலகத்தைக் காட்ட வேண்டும், அந்த வேறு உலகம் ஒவ்வொரு தடவையும் நாற்பத்தேழாம் பக்கத்து உலகமாகவே இருக்க வேண்டும். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் இப்படித்தான் எழுதியிருக்கிறது, தட்டச்சு செய்தவன் நான். அறிக்கையைத் திருத்தி மே மாதத்துக்குள் மறுபடி கொடுக்கும்படி அவளுக்கு ஓலை போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் தாளாளர் உலகநாதன் லேபுக்குள் வந்தார். எங்கள் லேபில் ஏசி நன்றாக வேலை செய்யும் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. வெள்ளை வேட்டி சட்டையில் நாற்காலியில் சாய்ந்தவர், திரையில் இருந்த ஏரியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யார் எடம் இது? பட்டா கிளியரா கீதா?" என்று கேட்டார்.

அது கம்ப்யூட்டர் உண்டாக்கிய இடம் என்று விளக்கினோம். அவருக்கு முதலில் ஏமாற்றம், அடுத்த நிமிடம் ஞானோதயம். மே மாதம் தரச்சான்றுக் குழு வருகிறது. அவர்களுடைய படிவத்தில் 'வளாகத்தின் இயற்கைச் சூழல்' என்று ஒரு தலைப்பு, அதற்கு ஐம்பது மதிப்பெண். போன தடவை வேப்பமரத்தை நாலு பக்கமிருந்து படம் எடுத்து அனுப்பி மூன்று வாங்கியிருந்தோம்.

"நான் இங்க வரும்போது வெறும் தண்ணிதான். எங்க பாத்தாலும் தண்ணி. லாரி லாரியா மண்ணக் கொட்டி மூடி, அதுக்கு மேல கல்வியக் கொண்டாந்தேன். இப்ப இன்னாடான்னா ஏரி எங்கன்னு கேட்டு மார்க்கு கொறைக்கிறான். படிச்சவனுக்கு நன்றி கெடையாது," என்றார்.

இது மாதிரி பன்னிரண்டு படம் வேண்டும் என்று பவ்யாவிடம் கேட்டார்கள். கல்லூரிக் காலண்டருக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள். பன்னிரண்டு என்றால் வேறு என்ன நினைப்பாள்? சந்தோஷமாகப் பொறுக்கி எடுத்து, நாற்பத்தேழாம் பக்கத்து ஏரியையும் சேர்த்து பென் டிரைவில் கொடுத்தாள். அதைக் கொண்டுபோய்த் தரச்சான்றுக் குழுவுக்கான கல்லூரி அறிக்கையில் ஒட்டியவன் நான். ஏரிக்குக் கீழே 'வளாகத்தின் வடகிழக்கில் உள்ள இயற்கை நீர்நிலை' என்றும், பனி மூடிய காட்டுக்குக் கீழே 'கல்லூரிக் கட்டிடத்தின் பின்புறம்' என்றும் பரந்தாமன் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆவடியில் பனியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்கழி மாதத்தில் எடுத்தது என்று அவரே சேர்த்துக்கொண்டார். அன்று சாயங்காலமே அறிக்கை கல்லூரி இணையதளத்தில் ஏறியது.

பவ்யாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பையன் வினோத் தாளாளரின் அறக்கட்டளை நடத்தும் பள்ளியில் பத்தாவது படிக்கிறான் என்று ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன். இப்போதும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

தரச்சான்றுக் குழு வந்தது. பூந்தமல்லிப் பக்கத்து நர்சரியிலிருந்து முந்நூறு தொட்டிச் செடிகள் வாடகைக்கு இறங்கின. மேளம், சால்வை, சந்தனம் எல்லாம் முடிந்து மூன்று பேராசிரியர்களும் கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் வயதில் சிறியவரான ஓர் அம்மா, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே போனார். வடகிழக்கில் சிமெண்ட் குடோன் தெரிந்தது. படத்தைப் பார்த்தார், குடோனைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இந்த ஏரி எந்தப் பக்கம் என்று கேட்டார்.

 பரந்தாமன் மேஜை மேலிருந்த சால்வைகளை மடிக்கத் தொடங்கினார். காப்பாற்றியவர் குழுத் தலைவர்தான்.

"மேடம், வந்து உட்காருங்க," என்றார் அவர். "நம்ம வேலை அறிக்கையில இருக்கிற படமும் இணையதளத்துல இருக்கிற படமும் ஒண்ணான்னு பாக்குறது. ஜன்னலோட ஒப்பிட்டுப் பாக்கணும்னு விதிமுறையில எங்கயும் இல்ல. நான் நூத்துப் பத்துக் கல்லூரிய ஆய்வு பண்ணியிருக்கேன், ஒரு தடவகூட ஜன்னல் பக்கம் போனதில்ல. அதனாலதான் என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்க."

அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். படங்கள் ஒப்பிடப்பட்டன. பன்னிரண்டும் ஒத்துப்போயின. ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது ஏரியில் பாதுகாப்பு வேலி இல்லை என்பதற்காக. பிறகு பிரியாணி. அந்த அம்மாவும் சாப்பிட்டார். மறுநாள் தொட்டிகள் லாரி ஏறின. வளைவில் தாளாளர் படத்துக்குப் பக்கத்தில் மிக உயர்ந்த தரத்தின் எழுத்து, ஆள் உயரத்துக்கு எழுதப்பட்டது. அந்த வளைவுக்குக் கீழே நுழையும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் தினமும் நுழைந்தேன்.

குழு சொன்ன தேதிக்குள் பவ்யா, தாளாளருக்குக் கொடுத்த அதே பன்னிரண்டு படங்களையும் சேர்த்துத் திருத்திய அறிக்கையைக் கொடுத்தாள். எந்த அறிக்கையானாலும் காப்பி அடித்ததா என்று பார்க்கும் ஒரு மென்பொருளில் போட்டுப் பார்ப்பது விதி. போட்டார்கள். அவளுடைய படங்கள் பன்னிரண்டும் எங்கள் கல்லூரி இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று அது சொன்னது. நூற்றுக்கு நூறு பொருத்தம்.

ஜூன் பத்தாம் தேதி ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. தாளாளரும் பரந்தாமனும் மேஜைக்கு அந்தப் பக்கம், பவ்யா இந்தப் பக்கம், குறிப்பெடுக்க நான் மூலையில். அவளுடைய அப்பாவை உள்ளே விடவில்லை. எஸ்டேட்டில் பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார், பைக் கொட்டகையில் நின்றார்.

வளாகத்தில் உள்ள இயற்கைக் காட்சிகளைப் படம் எடுத்து, கம்ப்யூட்டர் உண்டாக்கியதாகப் பொய் எழுதியது குற்றம் என்று பரந்தாமன் வாசித்தார். நிரூபணமானால் மூன்று வருடத்துக்குத் தேர்வு எழுத முடியாது. பவ்யா நாற்பத்தேழாம் பக்கத்து எண்ணைச் சொல்லி, அதைத் தட்டினால் அதே ஏரி வரும், நீங்களே பார்த்தீர்களே சார் என்றாள்.

"பாத்தேன். இருபத்தொம்பது பனைமரம். ஒண்ணு குறையல," என்றார் பரந்தாமன். "நம்ம ஏரிய மரம் விடாம எண்ணிக் காப்பி அடிச்சிருக்கன்னு அப்பதான் எனக்கு உறுதியாச்சு."

"நம்ம ஏரியா சார்?"

தாளாளர் குறுக்கிட்டார். "அது நம்ம ஏரி இல்லன்னா, மூணு புரொபசர் கையெழுத்து போட்ட சர்ட்டிபிகேட் பொய்யா? அவ்ளோ பெரிய மனுசங்களயும் திருடன்னு சொல்றியாம்மா நீ? இன்னா தைரியம் ஒனக்கு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். விதிப் புத்தகம் மேஜை மேலேயே இருந்தது. அதை எடுத்துப் புரட்டி, வளாகத்தில் வேலை பார்க்கும் ஒருவரைச் சாட்சியாகக் கேட்க மாணவருக்கு உரிமை உண்டு என்ற வரியைக் காட்டினாள். பரந்தாமனும் தாளாளரும் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்ததில்லை போலிருக்கிறது, இரண்டு பேரும் குனிந்து படித்தார்கள். சாட்சி, அப்படி ஓர் ஏரி இல்லை என்று சொல்லிவிட்டால் குற்றச்சாட்டு அன்றைக்கே விழுந்துவிடும். அவள் தேறிவிடுவாள். இன்னும் மூன்று வாரத்தில் கிண்டியில் வேலை.

"நடேசன் அண்ணா சொல்லட்டும் சார்," என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தாளாளர் சிரித்துக்கொண்டே, சொல்லுப்பா, பையன் பத்தாவதுதானே, நல்லா படிக்கிறானா என்று விசாரித்தார். நல்லா படிக்கிறான் ஐயா என்றேன்.

பவ்யா நாற்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. அறுநூற்றுப் பதினான்கு உலகத்தையும் என்னோடு உட்கார்ந்து பார்த்தவள். மூடுபனி ஆற்றங்கரையில் நான் சாப்பாட்டை மறந்து நடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் பொய் சொல்லமாட்டேன் என்று அந்தப் பெண் நம்பினாள்.

"அண்ணா, இங்க பன்னெண்டு வருஷமா இருக்கீங்க. இந்த ஏரிய நீங்க ஒரு நாளாவது இங்க பாத்திருக்கீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே குடோனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் தூசி பறந்தது.

"பாத்துகீறேம்மா," என்றேன்.

பரந்தாமன் குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொன்னார். என் சாட்சியை நானே எழுதினேன். அவள் என்னைத் திட்டவில்லை. தன் அறிக்கையை மூடி, ரெக்சின் அட்டையைத் துப்பட்டாவால் ஒரு தடவை துடைத்தாள். கதவுவரை போனவள் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"தண்ணி இருந்துச்சாண்ணா?"

தாளாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சும்மா," என்றேன். "நெறைய இருந்துச்சு."